கிளிநொச்சியில் ஒரு தொழில்வாண்மையாளர் சங்கம்: ஓர் அங்கத்தவரின் மதிப்பீடு

ஏ9 வீதியோரம் இயங்கும் எங்கள் சங்கத்தின் அங்கத்துவத்தைப் பல வருடங்களாகப் புதுப்பித்து வருபவன் என்ற முறையில், அது நடத்தும் பயிற்சிகளைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் இவ்வருடப் பொதுக்கூட்டத்தில் கைக்குக் கிடைத்த ஒற்றைத்தாள் கணக்கறிக்கை என்னைக் கவலைகொள்ளச் செய்தது. 2022 இன் பிற்பகுதியில் நிலையான வைப்புகளுக்கு 20 வீதத்துக்கு மேல் கிடைத்த வட்டியை நம்பிச் செலவை விரித்த நிர்வாகத்தினர், அவ்வட்டி இறங்கிய பின்னரும் சந்தாவை ஒழுங்காக அறவிடவில்லை. நிலுவைச் சந்தாவோ ‘வருமதி’, அதாவது இனி வரவேண்டிய பணம், என்ற பெயரில் சொத்துப் பக்கத்தில் ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே போகிறது. கட்டட நிதிக்கென்று நாங்கள் கொடுத்த காசும் பொது நிதியோடு கலந்தே காட்டப்பட்டுள்ளது. அதுவே என் பெரிய மனக்குறை. பற்றுச்சீட்டுப் புத்தகத்தைக் கேட்டதும் பொருளாளர் தயங்காமல் எடுத்துத் தந்தார். அடிக்கட்டைகள் யாவும் இலக்க ஒழுங்கில் இருந்தன. வெளிக் கணக்காய்வாளர் ஒருவரை நியமித்து, ஆறு மாதச் செலவுக்கான கையிருப்பையும் தனியே ஒதுக்கினால், அடுத்த வருடச் சந்தாவை முதல் ஆளாகக் கட்டுவேன்.