சுரங்க ரயிலில் கேமரா: முழுத்தடையா, வரம்போடு அனுமதியா?

2004-இல் நியூயார்க் நகரப் போக்குவரத்து நிர்வாகம் ரயிலிலும் பேருந்திலும் படம் எடுப்பதைத் தடை செய்யப் பார்த்தது. பயங்கரவாத அச்சம்தான் காரணம். புகைப்படக்காரர்கள் கேமராவும் கையுமாக ரயிலேறி எதிர்த்தார்கள். 2005-இல் அந்த யோசனை கைவிடப்பட்டது. முழுத்தடை, வரம்போடு அனுமதி இரண்டையும் எதிரெதிரே வைத்துப் பார்க்கலாம்.

பாதுகாப்பு
தடை: நோட்டம் பார்க்க வருபவன் பெரிய கேமராவைத் தூக்கிக்கொண்டா வருவான்? 1930-களின் கடைசியிலேயே அமெரிக்கப் புகைப்படக்காரர் வாக்கர் எவன்ஸ் கோட்டுக்குள் கேமராவை மறைத்து இதே ரயில்களில் பயணிகளைப் படம் பிடித்தார். யாருக்கும் தெரியவில்லை. மாட்டுவது சுற்றுலாப் பயணியும் ரயில் ஆர்வலரும்தான்.
அனுமதி: சந்தேக நடத்தையைக் கவனிக்கலாம், கருவியை அல்ல.

அமலாக்கம்
தடை: இன்று எல்லார் கையிலும் கேமரா உள்ள போன். யாரை நிறுத்துவது?
அனுமதி: அங்குள்ள விதி எளிது. படம் எடுக்கலாம், விளக்கு, ஒளித்தெறிப்பான் (வெளிச்சத்தைத் திருப்பிவிடும் தட்டி), முக்காலி கூடாது. முக்காலி தூரத்திலிருந்தே தெரியும்.

பயணிக்கு
தடை: அத்துமீறலைப் பதிவு செய்யவும் வழியில்லை.
அனுமதி: பதிவு செய்யலாம். ஆனால் முன்பின் தெரியாதவர் நம்மைப் படம் எடுக்கும் சங்கடம் இருக்கிறது, இதை மறுக்க முடியாது.

கட்டுப்பாட்டு அறை, பணிமனை போன்ற பயணிகள் நுழையாத இடங்களுக்குத் தடை சரி. நடைமேடைக்கும் பெட்டிக்கும் வரம்போடு அனுமதிதான் பொருந்தும்.