விரிசல் விழுந்த வீடு: கொத்தனாரா, இன்ஜினியரா?

கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கம் கரிசல் மண்ணில் நிற்கும் பழைய வீட்டை விலை பேசுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சுவரில் விரிசல். யாரைக் கூட்டிப் போய்க் காட்டுவது?

கொத்தனார் என்றால் ஒரு நாள் கூலியோடு முடியும். பூச்சைத் தட்டிப் பார்த்து, விரிசல் பூச்சோடு நிற்கிறதா, செங்கல் வரை இறங்கியிருக்கிறதா என்று அங்கேயே சொல்லிவிடுவார். தலைமுடி அளவு விரிசலுக்கு அவரே போதும்.

ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகவோ, செங்கல் வரிசையில் படிப்படியாகவோ ஏறும் விரிசல் வேறு ரகம். கரிசல் மழையில் உப்பும், கோடையில் சுருங்கும். அஸ்திவாரம் ஒரு பக்கம் மட்டும் அசைந்தால் சுவர் இப்படித்தான் கிழியும். அதற்கு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர்தான் சரி. அஸ்திவாரத்தின் ஓரமாகக் குழி தோண்டி ஆழம் பார்ப்பார். விரிசலுக்குக் குறுக்கே கண்ணாடித் துண்டை ஒட்டி, சில மாதம் கவனிக்கச் சொல்வார். கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது. அவ்வளவு நாள் வீட்டுக்காரர் பொறுப்பாரா என்பதுதான் சிக்கல். (அவசரப்படுத்துகிறவர் புதுசாக வெள்ளையும் அடித்திருந்தால் எனக்குச் சந்தேகம் கூடும்.)

கட்டணம் கூடுதல்தான். ஆனாலும் சாய்வு விரிசல் என்றால், அட்வான்ஸ் கொடுக்கும் முன் நான் இன்ஜினியரைத்தான் கூப்பிடுவேன். கொத்தனார் சிமெண்ட் வைத்து அடைத்துவிடுவார். அடுத்த மழைக்கு அதே இடம் திறக்கும்.