கொள்ளுப்பாட்டி தைத்த விரிப்பில் பாலியெஸ்டர் நூல்

பழைய பூத்தையல் துணி, கையால் பின்னிய லேஸ், குரோஷே என்று தேடித்தேடி வாங்குகிறவர்கள் கொஞ்சம் நின்று இதைப் படித்துவிட்டுப் போங்கள். பத்து வருடமாகச் சேர்க்கிறேன், என்னை யார் ஏமாற்றிவிட முடியும் என்ற நினைப்பு எனக்கு இருந்தது. சில மாதங்களுக்கு முன் அது போய்விட்டது.

இணையத்தில் விற்பனைக்கு வந்திருந்தது ஒரு மேசை விரிப்பு. மங்கிய தந்த நிறத் துணி, நான்கு மூலையிலும் ரோஜாக் கொத்து, சுற்றிலும் லேஸ். கூடவே ஒரு கதை. விற்பவரின் கொள்ளுப்பாட்டி 1920களில் தன் கல்யாணத்துக்காகக் கையால் தைத்ததாம். வயதாகிப் பார்வை மங்கிய பிறகும் அந்த ரோஜாக்களை விரலால் தடவிப் பார்ப்பாராம். படித்துவிட்டுக் கண் கலங்கினேன் என்று சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது.

இந்தப் பைத்தியம் பிடித்தவர்களுக்குத்தான் அது புரியும். என்னிடம் ஒரு சின்னக் கைக்குட்டை இருக்கிறது. ஓரத்தில் ஓர் இலை. பாதி இலை வரை ஒரு பச்சை, மீதிக்கு வேறு பச்சை. தைத்தவருக்கு நூல் தீர்ந்துபோயிருக்கிறது, அதே நிறம் கிடைக்கவில்லை, கிடைத்ததை வைத்து முடித்திருக்கிறார். யார், எந்த ஊர், ஒன்றும் தெரியாது. ஆனால் அந்த நிறம் மாறுகிற இடத்தில் ஒரு மனுஷி உட்கார்ந்து யோசித்தது அப்படியே தெரிகிறது. அதற்காகத்தான் வாங்குகிறோம். விற்பவர்களுக்கும் அது நன்றாகத் தெரியும்.

சரி, நடந்ததற்கு வருகிறேன். பேச்சு நடக்கும்போதே விற்பவர், "தளத்தின் வழியாக வேண்டாம், கமிஷன் போகும். எனக்கு நேராக அனுப்பிவிடுங்கள், விலையைக் குறைத்துத் தருகிறேன்" என்றார். அனுப்பினேன். பணம் திரும்ப வர இருந்த ஒரே கதவை என் கையாலேயே சாத்தியது அப்போதுதான்.

பார்சல் வந்தது. முன்பக்கம் படத்தில் பார்த்தது போலவே அழகு. திருப்பிப் பார்த்தேன். எல்லாப் பூவுக்கும் அடியில் ஒரே மெல்லிய வெள்ளை நூல், ஒரே இறுக்கம். தையல் மெஷினில் அடியிலிருந்து வரும் பாபின் நூல் அது. இதழ்களின் ஓரத்தில், தைப்பதற்கு முன் அடியில் வைக்கும் காகிதம் மாதிரியான தாளின் துணுக்குகள் கிழிபடாமல் ஒட்டிக்கொண்டிருந்தன. கையால் தைத்ததன் பின்பக்கம் வேறு மாதிரி இருக்கும். மேலே இருக்கும் அதே வண்ண நூல்தான் அடியிலும் வரும், ஒரு பூவிலிருந்து அடுத்ததற்குத் தாவும், நுனியை எங்காவது பழைய தையலுக்குள் செருகி மறைத்திருப்பார்கள். நான்கு ரோஜாக்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நான்கிலும் மூன்றாவது இதழில் ஒரே இடத்தில் ஒரே கோணல். கை தப்பு பண்ணும், ஆனால் அதே தப்பை நான்கு தடவை அச்சு மாறாமல் பண்ணாது.

மெஷின் பூத்தையல் என்பதாலேயே புதியது என்று முடிவு கட்டிவிட முடியாது. ஷிஃப்லி என்ற பூத்தையல் மெஷின் 1863-லேயே வந்துவிட்டது. அதனால் பின்பக்கத்திலிருந்து ஒரு நூல் நுனியை வெட்டி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே வைத்துக் கொளுத்தினேன். பருத்தி என்றால் காகிதம் மாதிரி எரிந்து மெத்தென்ற சாம்பலாகும். பட்டு, கம்பளி என்றால் முடி கருகும் நாற்றம் வரும். இது சுருண்டு உருகி, கடுகு போல ஒரு கறுப்பு மணியாக இறுகியது. பாலியெஸ்டர். அந்த இழையைக் கண்டுபிடித்ததே 1941-ல்தான். கொள்ளுப்பாட்டி இருபது வருடம் முன்கூட்டியே தைத்துவிட்டார் போலிருக்கிறது.

லேஸை உருப்பெருக்கியில் பார்த்தேன். நூல் நூலாகப் பின்னிய வழி தெரியவில்லை, குறுக்கும் நெடுக்குமாகத் தையல் மேல் தையல், ஓரமெல்லாம் பிசிறு. ஓர் அடித்துணியில் மெஷினில் தைத்துவிட்டு அந்தத் துணியை மட்டும் கரைத்துவிடுகிற வகை இது. அதுவும் தன்னளவில் மோசமில்லை, பழைய நல்ல துண்டுகள் உண்டு. கையால் பின்னியது என்று சொல்லி விற்றதுதான் கோபம்.

அப்புறம் அந்தத் தந்த நிறம். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த ஐந்தாவது நிமிடம் தண்ணீர் பழுப்பானது, குனிந்து முகர்ந்தால் தேயிலை வாசனை. நிஜமாகவே வயதான துணி இப்படி ஒரே சீராகப் பழுக்காது. மடிப்பு வரிகளிலும் காற்று பட்ட ஓரங்களிலும் கூடுதலாகவும், மடிப்புக்கு உள்ளே குறைவாகவும் இருக்கும். இதில் தையலைப் பிரித்து உள்ளே பார்த்தாலும் அதே பழுப்பு. புற ஊதா ஒளி விளக்கு வைத்துப் பார்க்கலாமே என்று சிலர் சொல்வார்கள். இன்றைய சோப்புத்தூளில் இருக்கும் வெண்மையூட்டி அதில் பளிச்சிடும் என்பது உண்மைதான். ஆனால் நூறு வருடத் துணியை நேற்று அந்தத் தூளில் துவைத்திருந்தாலும் பளிச்சிடும். அதை மட்டும் நம்ப வேண்டாம்.

விற்பவரிடம் கேட்டேன். முதலில் "பழசு என்றால் அப்படித்தான் இருக்கும்" என்றார். பின்பக்கப் படத்தை அனுப்பியதும் "மெஷினையும் கைதானே ஓட்டுகிறது?" என்று ஒரு பதில். அதற்கு மேல் என்ன பேசுவது? விளம்பரத்தை மறுபடி நிதானமாகப் படித்தேன். தலைப்பில் "விண்டேஜ் ஸ்டைல்", அதாவது பழசு மாதிரி, என்றுதான் இருந்தது. கதை படித்த மயக்கத்தில் அந்த "ஸ்டைல்" என் கண்ணில் படவே இல்லை. பணத்தைத் தருவதாகச் சொல்லி இரண்டு வாரம் இழுத்தார், பிறகு பதிலே இல்லை. தளத்தில் புகார் செய்தால், எங்கள் வழியாகப் பணம் வரவில்லையே என்றார்கள். அவர்கள் சொன்னது நியாயம்தான்.

பணம் போனதைக்கூட ஒரு மாதிரி விழுங்கிவிட்டேன். பார்சலில் "அன்பளிப்பு" என்று ஒரு பழைய கம்பளித் துண்டு இருந்தது. பார்க்காமல் எடுத்து அலமாரியில் மற்றவற்றோடு வைத்துவிட்டேன். அதில் அந்துப்பூச்சியின் புழுக்கள் இருந்திருக்கின்றன. ஆறு வாரம் கழித்துத் திறந்தால், என்னிடம் இருந்த ஒரே கம்பளிப் பூத்தையல் சால்வையில் சல்லடைக் கண். அது நிஜமான கைவேலை. தைத்தவரின் பொறுமை அத்தனையையும் புழு தின்றுவிட்டது.

இப்போது எது வந்தாலும் பிளாஸ்டிக் பையில் காற்றுப் போகாமல் கட்டி, மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில் இரண்டு வாரம் வைக்கிறேன். வெளியே எடுத்ததும் பையைப் பிரிப்பதில்லை, குளிர் முழுவதும் இறங்கிய பிறகுதான். இல்லாவிட்டால் துணியில் ஈரம் படியும். பணம் கொடுப்பதற்கு முன் பின்பக்கத்தைப் பகல் வெளிச்சத்தில், கிட்டத்தில் எடுத்த படம் கேட்கிறேன். இதுவரை மூன்று பேர் அனுப்ப மறுத்திருக்கிறார்கள். ஒருவர் கோபித்துக்கொண்டார்.

நேற்று அதே விற்பவரின் பக்கத்தில் அதே நான்கு ரோஜா விரிப்பு, அதே படம். இந்தத் தடவை தைத்தது அத்தைப்பாட்டியாம். வருடம் 1890.