பச்சைத் தேயிலையை எங்கே கொடுப்பது: கூட்டுறவுத் தொழிற்சாலையா, தனியார் தொழிற்சாலையா?

நீலகிரியில் ஓரிரு ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயிக்குக் காத்திருக்க நேரமில்லை. பறித்த கொழுந்து அன்றே தொழிற்சாலைக்குப் போகாவிட்டால் சூடேறிச் சிவந்து தரம் கெட்டுவிடும். ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு நான்கு கிலோவுக்கும் மேல் பச்சை இலை தேவை என்பதால், கிலோவுக்கு ஒரு ரூபாய் குறைந்தாலும் குடும்பத்தின் மாத வரவு ஆட்டம் காணும்.

தனியார் தொழிற்சாலையின் முகவர் தோட்டத்து வழிக்கே வண்டி கொண்டுவருவார், அவசரத்துக்கு முன்பணமும் தருவார். ஆனால் முன்பணம் வாங்கியவர் விலை பேசும் உரிமையைப் பெரும்பாலும் இழந்துவிடுகிறார் என்பதே என் வருத்தம்.

குந்தா, மஞ்சூர், கிண்ணக்கொரை உள்ளிட்ட கூட்டுறவுத் தொழிற்சாலைகளிலோ இலை கொடுப்பவரே உறுப்பினர். பங்கு எவ்வளவு இருந்தாலும் ஒருவருக்கு ஒரு வாக்குதான். 1965-இல் தொடங்கிய இன்ட்கோசர்வ் இவற்றின் தலைமை இணையமாக இருந்து, தூளை விற்பதற்கு வழிசெய்கிறது. குன்னூரில் நடக்கும் தேயிலைத் தூள் ஏலத்தில் விலை சரியும்போது இங்கும் இலை விலை சரியும், பணம் தாமதமாவதும் உண்டு. எனினும் கணக்கைப் பொதுக்குழுவில் எழுந்து கேட்க உறுப்பினருக்கு உரிமை உண்டு, அதைத் தனியாரிடம் எதிர்பார்க்க முடியாது.

வாராவாரம் கைக்காசு வேண்டியவருக்குத் தனியார் வழி எளிது. இருந்தும், இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கவனித்துப் பறிப்பவர்கள் கூட்டுறவிலேயே நிலைத்து, தரத்துக்கேற்ற விலையைப் பொதுக்குழுவில் சேர்ந்து கேட்க வேண்டும் என்றே நான் சொல்வேன்.