திருப்பூரிலிருந்து கடல் பார்ப்பது: அலைக் கணிப்பு வரைபடங்களோடு சில வருடங்கள்

திருப்பூரில் இருந்துகொண்டு அலைச்சறுக்கு பழகுவது கொஞ்சம் கிறுக்குத்தனம்தான். சனிக்கிழமை சம்பளப் பட்டுவாடா முடித்து கம்பெனியைப் பூட்டின பிறகுதான் கிளம்ப முடியும். கையில் இருப்பது ஞாயிறு ஒன்றுதான். வர்க்கலை முந்நூறு கிலோமீட்டருக்கு மேல், சென்னைக்குப் பக்கத்துக் கோவளம் அதைவிடத் தூரம். அங்கே போய் அலை இல்லையென்றால் தூக்கமும் போச்சு, டீசலும் போச்சு. அதனால் அலையையும் காற்றையும் கணித்துச் சொல்லும் விண்டி, சர்ஃப்லைன் தளங்கள், ஹைதராபாத்தில் இருக்கும் அரசுக் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் மூன்றையும் பல வருடமாக விடாமல் பார்த்துவருகிறேன். 2023-ல் சர்ஃப்லைனோடு இணைக்கப்படும்வரை மேஜிக்சீவீடும் பட்டியலில் இருந்தது.

இத்தனை வருடத்தில் எனக்குப் பிடிபட்டது இதுதான்: ஸ்வெல் (தொலைதூரப் புயலில் பிறந்து கரைக்கு வரும் அலை வரிசை) கணிப்பை ஒரு வாரம் முன்பே நம்பலாம். காற்றுக் கணிப்பை வெள்ளிக்கிழமை ராத்திரிக்கு முன்னால் நம்பவே கூடாது.

காரணம் எளிது. கேரளக் கரைக்குச் சித்திரை, வைகாசியில் வரும் நல்ல அலைகள் அங்கே பிறந்தவை அல்ல. தெற்கே 40 டிகிரி அட்சரேகையைத் தாண்டி, மடகாஸ்கருக்கும் கீழே அடிக்கும் புயல்களில் பிறந்து, ஐயாயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடந்து வருகின்றன. அலைக்கும் அலைக்கும் நடுவே 16 வினாடி இடைவெளி உள்ள ஸ்வெல், ஆழ்கடலில் மணிக்கு சுமார் 45 கிலோமீட்டர் வேகத்தில் நகரும். 10 வினாடி ஸ்வெல்லுக்கு 28 கிலோமீட்டர்தான். ஒரே நேரத்தில் கிளம்பின பைபாஸ் ரைடரும் டவுன் பஸ்ஸும் போல, முதலாவது ஐந்து நாளில் வந்துவிடும், அடுத்ததற்கு ஏறத்தாழ எட்டு நாள் ஆகும். அண்டார்டிகா பக்கத்துப் புயலின் அலைகள் பசிபிக்கைக் கடந்து அலாஸ்கா வரை போவதை கடலியல் அறிஞர் வால்டர் முங்க் குழுவினர் 1963-ல் அளந்தே காட்டியிருக்கிறார்கள். ஆக, செவ்வாய்க்கிழமை தெற்கே பெரும்புயல் தெரிந்தால் ஞாயிற்றுக்கிழமை அலை ஏற்கெனவே புறப்பட்டாயிற்று. கணினி இனி ஊகிக்க வேண்டியது கொஞ்சம்தான்.

புதிதாகப் பார்க்கிறவர்கள் எல்லோரும் ஏமாறுவது அலையின் உயரத்தைப் பார்த்துத்தான். ஆடி மாதம் வரைபடம் முழுக்கச் சிவப்பாக இருக்கும். உடுமலைக்கார மாப்பிள்ளை ஒருத்தர் ஒவ்வொரு வருடமும் போன் போடுவார்: "ஏனுங் மாமா, வர்க்கலைல மூணு மீட்டர் காட்டுதுங்க, போலாமுங்களா?" அந்த மூன்று மீட்டர், உள்ளூர்க் காற்று கிளப்பிவிட்ட 7, 8 வினாடிக் குழப்பம். அதில் நீந்தக்கூட முடியாது. ஏப்ரலில் அதே இடத்தில் 1.2 மீட்டர், 16 வினாடி என்று காட்டினால் லீவு போட்டாவது போகலாம். 7 வினாடி அலையின் நீளம் 75 மீட்டர் சுமார், 16 வினாடி அலைக்கோ 400 மீட்டர். நீளம் கூடினால் கடலடியை ஆழத்திலேயே உணர்ந்து, கரைக்கு வரவர உயர்ந்து, வரிசை கட்டி உடையும். விண்டியில் 'அலைகள்' என்ற பொதுப் படம் எல்லாவற்றையும் கூட்டித்தான் காட்டும். ஸ்வெல் 1, ஸ்வெல் 2, காற்றலை மூன்றையும் தனித்தனியாகத் திறந்து பார்க்கணும். இன்னொன்று, அதில் வரும் உயரம், மொத்த அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கின் சராசரி. நடுநடுவே அதைப்போல் இரண்டு மடங்கு வரை ஒன்று எழும்பும்.

திசை விஷயம் கிழக்குக் கரைக்குத்தான் முக்கியம். தெற்கிலிருந்து நேராக வரும் ஸ்வெல்லைச் சென்னைக் கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் இலங்கை மறைத்துவிடும், ஓரத்தில் வளைந்து கொஞ்சம்தான் வரும். 160 டிகிரியை ஒட்டியோ அதற்குக் கீழேயோ, அதாவது தென்கிழக்குச் சாய்வாக இருந்தால் மட்டும் டிக்கெட் போடுவேன். ஆனி, ஆடியில் அங்கே விடியற்காலை மேற்கிலிருந்து கரைக்காற்று அடித்து அலையின் முகத்தைச் சீவிவிடும். மதியம் கடற்காற்று திரும்பியதும் கலைந்துவிடும், பிறகு சாப்பாட்டுக் கடைதான்.

காற்றுக்கு வருவோம். இங்கேதான் கொங்குக்காரனுக்கு ஒரு சலுகை. பாலக்காட்டுக் கணவாயின் அகலம் 30 கிலோமீட்டர் சொச்சம். விண்டியில் வரும் ஜிஎஃப்எஸ் என்ற அமெரிக்க வானிலை மாடல் உலகத்தை 22 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடும். மொத்தக் கணவாயும் ஒன்றிரண்டு கட்டத்தில் அடங்கிவிடுவதால் மலையையும் இடைவெளியையும் சேர்த்து மழுப்பிவிடும். 9 கிலோமீட்டர் கட்டமுள்ள ஐரோப்பிய மாடலான ஈசிஎம்டபிள்யூஎஃப் பரவாயில்லை, நான் அதைத்தான் வைத்திருக்கிறேன். மார்கழி, தை மாதங்களில் பல்லடம் பக்கத்துக் காற்றாலைகள் கிழக்கே முகம் திருப்பிச் சுற்றினால், அதே காற்று கணவாய்க்குள் நெருக்கப்பட்டு வேகமெடுத்து, பொன்னானி, சாவக்காடு கரையில் கடலை நோக்கி அடிக்கும் என்று அர்த்தம். திருச்சூர்க்காரர்கள் அதை விருச்சிகக் காற்று என்பார்கள். அந்த மாதங்களில் அங்கே அலை முழங்கால் உயரம்தான், ஆனால் அவ்வளவு சுத்தம். நீளப் பலகை இருந்தால் போதும்.

இன்காய்ஸை நான் திறப்பது வேறு காரணத்துக்காக. தெற்கு ஸ்வெல் அளவு மீறினால் 'கள்ளக்கடல்' எச்சரிக்கை விடுவார்கள். உள்ளூரில் வானம் தெளிவாக, காற்றே இல்லாமல் இருக்கும்போது கடல் திடீரென ஏறிவரும் நிலை அது. 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை கொண்டுபோனது அந்த எச்சரிக்கை இருந்த நாளில்தான். 16 வினாடி என்று நான் ஆசையாகத் தேடும் அதே எண்தான் அங்கே ஆளைக் கொல்லுகிறது. எச்சரிக்கை வந்தால் பலகையைக் காரில் ஏற்றுவதில்லை, விவாதமும் இல்லை. கொல்லம், கோழிக்கோடு, புதுச்சேரிப் பக்கம் அவர்கள் மிதக்கவிட்டிருக்கும் அலைமானிகளின் அளவுகளையும் பார்த்துக்கொள்வேன். கணிப்பைக் கடல் ஒத்துக்கொள்கிறதா என்று தெரிந்துவிடும்.

காசு கட்டலாமா என்று கேட்கிறார்கள். விண்டியில் பணம் கட்டினால் மூன்று மணி நேரத்துக்கு ஒன்றாக வரும் கணிப்பு மணிக்கு ஒன்றாக வரும். கரையிலேயே வீடு இருந்தால் பிரயோஜனம். ஈரோட்டிலோ கோபியிலோ இருக்கிறவருக்கு விடியலா மதியமா என்பது தெரிந்தால் போதும், இலவசமே தாராளம். நட்சத்திரம் போட்டு, நிறம் காட்டி 'நல்ல அலை' என்று தீர்ப்புச் சொல்லும் தளங்களுக்கு நான் கட்டமாட்டேன். அந்த மதிப்பீட்டுக்கு நம் ஊரில் இருந்து எட்டு மணி நேரம் வண்டி ஓட்டி வருகிறவன் கணக்கில் இல்லை.