வன்னியில் உடைந்த இரண்டு கம்பியும் திரும்பி வராத 32,000 ரூபாயும்

இலங்கைக்குப் போய் அங்கேயே சைக்கிளை வாடகைக்கு எடுத்து ஓட்டலாம் என்று யாராவது யோசித்துக்கொண்டிருந்தால், முன்பணம் கட்டுவதற்கு முன்னால் கீழே உட்கார்ந்து பின்சக்கரத்தின் கம்பிகளை எண்ணுங்கள். நான் எண்ணவில்லை.

ஏழெட்டு வருடமாகத் தனியாக நெடுந்தூரம் ஓட்டுகிறேன். கும்பகோணத்திலிருந்து கன்னியாகுமரி, கொல்லிமலை, ஒருமுறை கூர்க் வரை. வெளிநாடு என்று போனது போன ஆகஸ்டில்தான். அநுராதபுரத்தில் ஏறி வவுனியா, மாங்குளம், முல்லைத்தீவு, பரந்தன் வழியாக யாழ்ப்பாணம். நல்லூர்த் திருவிழா முடிவதற்குள் போய்ச் சேர்வது என்று கணக்கு. அந்த மாதங்களில் அங்கே தென்மேற்கிலிருந்து காற்று அடிக்கும். சோளகம் என்பார்கள். வடக்கே போகிறவனுக்கு அது முதுகில் கை வைத்துத் தள்ளுகிற மாதிரி. திசையை நன்றாகத்தான் தேர்ந்தெடுத்தேன், சைக்கிளைத்தான் கோட்டை விட்டேன்.

என் சொந்த வண்டியைக் கொண்டுபோயிருக்கலாம். பெட்டி கட்டுவது, விமானக் கூலி, இறக்கும்போது கியர் கொக்கி வளைந்து கிடப்பது எல்லாவற்றுக்கும் சோம்பல்பட்டு இணையத்தில் தேடினேன். தெற்கே ஒரு கடற்கரை ஊரில் இருந்த வாடகை நிறுவனம் கண்ணில் பட்டது. டூரிங் சைக்கிள், பக்கவாட்டுப் பைகள், மாற்று டியூப், பம்பு, கருவிப் பை, ‘தீவு முழுக்க உதவி’ எல்லாம் சேர்த்து நாளொன்றுக்கு 3,500 இலங்கை ரூபாய். முன்பணம் 50,000, வண்டியை விடும்போது திரும்பக் கிடைக்கும். யாழ்ப்பாணத்தில் அவர்களுடைய ஆளிடமே விட்டுவிடலாம் என்றார்கள். இந்தக் கடைசி வரியில்தான் நான் விழுந்தேன்.

சைக்கிள் பச்சை நிறம், கழுவித் துடைத்து, சங்கிலிக்கு எண்ணெய் விட்டுப் பளபளவென்று நின்றது. பிரேக் அழுத்திப் பார்த்தேன், கியர் மாற்றிப் பார்த்தேன், டயரை நகத்தால் குத்திப் பார்த்தேன். நாலு பக்க ஆங்கில ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். வண்டியோடு நின்று ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டேன். ரயிலில் அநுராதபுரம்.

முதல் நாள் வவுனியா வரை ஒரு குறையும் இல்லை. இரண்டாம் நாள் விடியும் முன் கிளம்பி ஏ9 சாலையில் ஓமந்தை, புளியங்குளம் தாண்டி மாங்குளம் வரும்போது மணி எட்டரை இருக்கும். சுமார் 45 கிலோமீட்டர், வேர்வைகூடப் பெரிதாக இல்லை. அங்கே வலது பக்கம் திரும்பினால் முல்லைத்தீவுச் சாலை, ஏறக்குறைய 50 கிலோமீட்டர். இருபக்கமும் காடு. ஒலுமடு தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பின்னாலிருந்து ‘ணங்’ என்று ஒரு சத்தம், வீணைக் கம்பி அறுந்த மாதிரி. அடுத்த சுற்றிலேயே சக்கரம் பிரேக் கட்டையில் உரசத் தொடங்கியது.

இறங்கிப் பார்த்தால் வலது பக்கம், பல்சக்கரம் இருக்கிற பக்கம், ஒரு கம்பி அதன் வளைந்த கழுத்தில் ஒடிந்து தொங்குகிறது. சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும், ஒடிவதென்றால் பெரும்பாலும் இந்தப் பக்கம்தான் ஒடியும். இழுவிசை இங்கேதான் அதிகம். மாற்றுவதும் இங்கேதான் கஷ்டம், பல்சக்கரத்தைக் கழற்றினால்தான் புதுக் கம்பியை நுழைக்க முடியும். கழற்றுவதற்கான கருவி அவர்கள் கொடுத்த பையில் இல்லை. மாற்றுக் கம்பியும் இல்லை. அப்போதுதான் ஒடிந்ததையும் சேர்த்துக் கம்பிகளை எண்ணினேன். 28.

அப்பா ஓட்டிய பழைய சைக்கிளில் பின்னால் 40 கம்பி, முன்னால் 32. பை ஏற்றிப் போகிற டூரிங் வண்டிக்கு 36 வேண்டும், போனால் போகிறதென்று 32. இருபத்தெட்டு என்பது வெறும் ஆளை மட்டும் சுமக்கிற ரேஸ் வண்டிச் சக்கரம். அதற்குமேல் என்னையும் பதினைந்து கிலோ மூட்டையையும் ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். அதிலும் மூன்று கம்பி மட்டும் மங்கலாக, மற்றவற்றோடு ஒட்டாத நிறத்தில். யாரோ முன்பே மாற்றியிருக்கிறார்கள்.

பின் பிரேக்கைக் கழற்றிவிட்டு முன் பிரேக்கை நம்பி ஓட்டினேன். கரிப்பட்டமுறிப்பு தாண்டியதும் இரண்டாவது கம்பி போனது. இப்போது சக்கரம் சட்டத்திலேயே இடித்தது. உருட்டிக்கொண்டு நடப்பதைத் தவிர வழியில்லை.

ஒரு விஷயம் இங்கே சொல்லிவிட வேண்டும். பத்தடி தள்ளி நல்ல நிழல் இருந்தது, நான் போகவில்லை. போர் 2009இல் முடிந்தாலும் வன்னியில் மிதிவெடி அகற்றும் வேலை இன்னும் முழுதாக முடியவில்லை. சிவப்புப் பலகையில் மண்டையோடு வரைந்து வைத்திருப்பார்கள். பலகை இல்லாத இடமெல்லாம் பத்திரம் என்று அர்த்தமில்லை. சிறுநீர் கழிக்கக்கூட தார்ச் சாலையை விட்டு இறங்காதீர்கள். இருட்டினால் யானை வேறு. இப்படிப்பட்ட சாலைக்கு இப்படிப்பட்ட சக்கரத்தைக் கொடுத்ததுதான் எனக்கு ஆறவே இல்லை.

வெயிலில் நின்று ‘தீவு முழுக்க உதவி’ எண்ணுக்கு அடித்தேன். மூன்றாவது தடவை எடுத்தார்கள்.

“சேர், இப்ப எங்க நிக்கிறீங்க?”

“மாங்குளத்துக்கும் ஒட்டுசுட்டானுக்கும் நடுவுல.”

“அது எங்க சேர்?”

பின்சக்கரம் என்ன ஆனது என்று கேட்கவே இல்லை. வேன் வவுனியா வரைதான் வரும், அதுவும் நாளை மறுநாள், வண்டியை அங்கே கொண்டுவந்து தாருங்கள் என்றார். கம்பி ஒடிந்த சைக்கிளை 60 கிலோமீட்டர் பின்னால் எப்படிக் கொண்டுவருவது என்று கேட்டேன். “ஒரு ஓட்டோ பிடிங்க சேர்” என்று வைத்துவிட்டார்.

ஒட்டுசுட்டான் போய்ச் சேர்ந்தது ஒரு லான்ட்மாஸ்டரில். இரண்டு சக்கர உழவு இயந்திரத்துக்குப் பின்னால் பெட்டி பூட்டியிருப்பார்கள், வன்னியில் எங்கும் பார்க்கலாம். “இந்தியாவோ? ஏத்துங்கோ தம்பி” என்று மட்டும் ஓட்டி வந்தவர் சொன்னார், காசு வாங்கவில்லை. ஒரு சைக்கிள் கடை வாசலில் இறக்கிவிட்டார். கடை என்றால் தகரக் கூரை, ஒரு மர பெஞ்சு, சுவரில் தொங்கும் பழைய டயர்கள். லுமாலா என்கிற இலங்கைச் சைக்கிள்களுக்கு ஒட்டுப் போடுகிற இடம். அங்கிருந்த ஐயாவுக்கு அறுபது வயதுக்குமேல் இருக்கும்.

சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். ஒடிந்த கம்பிகளை இடுக்கியால் எடுத்து உள்ளங்கையில் வைத்து என்னிடம் நீட்டினார். “வடிவாப் பாருங்கோ.” ஒடிந்த வாய் கடுகளவுதான். அதில் பாதி துரு ஏறிக் கறுத்திருந்தது, மீதிப் பாதி புதுக்காசு மாதிரி மின்னியது. “கறுப்புப் பக்கம் எப்பவோ வெடிச்சது. மினுங்குறதுதான் இண்டைக்கு உடைஞ்சது. ஆர் தம்பி உங்களுக்கு இதைத் தந்தவை?”

பல்சக்கரம் கழற்ற அவரிடமும் கருவி இல்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் ஒரு 28 இஞ்சிச் சைக்கிள் கம்பியை எடுத்தார். என் சக்கரத்துக்கு அது நீளம் அதிகம், அதுதான் வசதியாகப் போயிற்று. தலையைக் கத்தரித்து எறிந்துவிட்டு, நுனியை இடுக்கியால் இரண்டு இடத்தில் எதிரெதிராக மடித்து ஒரு கொக்கி செய்தார். பல்சக்கரத்தைத் தொடாமலே இடைவெளிக்குள் விட்டு, துளையில் மாட்டி, மறுமுனையை ரிம்மில் முறுக்கினார். இரண்டாவதும் அதே மாதிரி. பிறகு சக்கரத்தைக் கவிழ்த்து வைத்து, விரல் நகத்தை ரிம்மோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு கோட்டம் எடுத்தார். அளவுக்கருவி ஒன்றும் கிடையாது, நகம்தான். ஒரு மணி நேரம். இடையில் உள்ளேயிருந்து தேத்தண்ணி வந்தது.

கருவிப் பையைத் திறந்து பார்த்துச் சிரித்தவரும் அவர்தான். மாற்று டியூப் இரண்டும் மோட்டார் சைக்கிளுக்கு இருப்பதுபோல் தடித்த வால்வ் வைத்தவை, என் ரிம்மின் துளையில் நுழையவே நுழையாது. வழியில் பஞ்சர் ஆகாமல் போனது என் அதிர்ஷ்டம். கூலி 200 ரூபாய் என்றார், 1,000 கொடுத்தேன், 500 எடுத்துக்கொண்டு மீதியைத் திணித்துவிட்டார்.

அன்று மாலை முல்லைத்தீவு. மறுநாள் காலையில் வட்டுவாகல் பழைய பாலத்தை மெதுவாகக் கடந்தேன். ஒடுங்கிய பாலம், ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் நந்திக்கடல் என்கிற உப்புநீர் ஏரி, போர் முடிந்த இடம். அங்கே கொஞ்ச நேரம் நின்றேன், அப்போது சைக்கிள் நினைப்பு வரவில்லை. புதுக்குடியிருப்பு, விசுவமடு, பரந்தன், ஆனையிறவு. ஏறக்குறைய 130 கிலோமீட்டர், அந்த இரண்டு கொக்கிக் கம்பியும் ஒரு முனகல்கூட இல்லாமல் யாழ்ப்பாணம் வரை வந்தன.

அங்கே அவர்களுடைய ஆள் வண்டியைச் சுற்றி வந்தார். நேராகப் பின்சக்கரத்துக்கு முன்னால்தான் உட்கார்ந்தார், வேறு எதையும் பார்க்கவில்லை. எங்கே பார்க்க வேண்டும் என்று அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. “வெளியாக்களைக் கொண்டு திருத்தியிருக்கிறீங்கள். ஒப்பந்தத்தில இருக்கு, சில்லு முழுக்க மாத்தவேணும்.” சில்லு என்றால் சக்கரம். மூன்றாம் பக்கத்தில் நிஜமாகவே இருந்தது, நிறுவனம் அனுமதிக்காத ஆள் கைவைத்தால் பாகத்தின் முழு விலை. 50,000இல் 32,000 பிடித்துக்கொண்டு 18,000 திரும்ப வந்தது. நம் பணத்தில் ஒன்பதாயிரத்துச் சொச்சம் போச்சு. ஒடிந்த துண்டுகளைக் காட்டினேன், துருவைக் காட்டினேன். “அது எனக்குத் தெரியாது, கொம்பனியோட கதையுங்கோ” என்றார். அந்த ஆளைக் குறை சொல்லிப் பயனில்லை, அவர் கமிஷனுக்கு நிற்கிறவர்.

ஊருக்கு வந்து பழைய படங்களைப் புரட்டியபோது அந்த முதல் நாள் செல்ஃபி சிக்கியது. என் தொடைக்குப் பின்னால் பின்சக்கரம் தெளிவாக விழுந்திருக்கிறது. பெரிதாக்கினால் மூன்று மங்கல் கம்பியும் தெரிகின்றன. அதையும், ஒடிந்த வாயை நெருக்கத்தில் எடுத்த படத்தையும், அவர்கள் விளம்பரத்தின் ‘தீவு முழுக்க’ வரியையும் சேர்த்து அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்தது. ஐந்து வாரம் ஆகிறது, பதில் இல்லை.

நீங்கள் எடுப்பதாக இருந்தால் இரண்டு சக்கரத்தையும் இரண்டு பக்கமும் கிட்டத்தில் படம் எடுத்து, அவர்கள் எதிரிலேயே அவர்களுக்கு வாட்ஸாப்பில் அனுப்பிவிடுங்கள். மாற்று டியூபை ரிம் துளையில் விட்டுப் பாருங்கள். வலப்பக்கக் கம்பி நாலு கேளுங்கள், கழற்றும் கருவி கேளுங்கள். உதவி வேன் எந்த ஊர் வரை வரும் என்று எழுதி வாங்குங்கள், அந்த ஊர்ப் பெயர் வவுனியாவுக்கு வடக்கே இருக்கட்டும். வழியில் பழுதானால் யார் கைவைக்கலாம் என்ற வரியைத் தேடிப் படியுங்கள். நாலு பக்கம்தான், பத்து நிமிடம் ஆகாது.

நேற்று அவர்கள் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். அதே பச்சைச் சைக்கிள், புதுப் படம், வாடகை 4,000 ஆகியிருக்கிறது. பின்பக்கம் இரண்டு பெரிய பைகளைத் தொங்கவிட்டு எடுத்திருக்கிறார்கள், சக்கரத்தில் ஒரு கம்பிகூடத் தெரியவில்லை.