ப்ரைஸ்னரின் ‘த்ரீ கலர்ஸ்: ப்ளூ’ இசைத்தட்டு: வரிசையைக் கலைக்காமல் கேளுங்கள்

பாட்டு இருந்தால்தான் இசைத்தட்டு என்பது நம் வீட்டு வழக்கம். பின்னணி இசையை மட்டும் கேட்டுப் பழக விரும்புவோருக்கு இயக்குநர் கீஸ்லோவ்ஸ்கியின் ‘ப்ளூ’ படத்தின் இசையாக 1993இல் வந்த இந்தத் தட்டைத் தயங்காமல் சொல்லலாம். போலந்துக்காரரான ஸ்பிக்னியெவ் ப்ரைஸ்னர் கிராக்குவில் படித்தது வரலாறும் தத்துவமும். இசை, தானாகக் கற்றது. 1985இல் ‘நோ எண்ட்’ படத்தில் கீஸ்லோவ்ஸ்கியுடன் சேர்ந்தவர், அந்த இயக்குநரின் கடைசிப் படமான ‘ரெட்’ (1994) வரை உடனிருந்தார்.

மொத்தம் சுமார் 40 நிமிடம். பல துண்டுகள் மிகச் சிறியவை. இறுதிச்சடங்கு இசை ஊதுகருவிகளில் ஒருமுறை, ஆர்கனில் ஒருமுறை என வந்துபோகும். அதை எழுதியதாகப் படத்தில் சொல்லப்படும் டச்சு இசையமைப்பாளர் வான் டென் புடன்மேயர் வெறும் கற்பனை. எல்லாம் ப்ரைஸ்னரின் கைவேலைதான்.

தட்டின் உயிர், ஐரோப்பிய ஒருங்கிணைப்புக்கான பாடல். படத்தில் விபத்தில் இறந்துபோகும் இசையமைப்பாளர் பாத்ரீஸின் வடிவம் தொடக்கத்திலும், அவர் மனைவி ஜூலியின் வடிவம் முடிவை நெருங்கும்போதும் வரும். வரிகள் பைபிளில் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 13ஆம் அதிகாரம், கிரேக்க மொழியில். இடையில் பாத்ரீஸின் சக இசைக்கலைஞர் ஒலிவியேயும் ஜூலியும் சேர்ந்து எழுதிப் பார்க்கும் பகுதியை இசை பயில்பவர்கள் தவறவிடக் கூடாது. தாளக்கருவிகள் போகின்றன, ட்ரம்பெட் போகிறது, பியானோ இருந்த இடத்துக்குப் புல்லாங்குழல் வருகிறது. மெட்டு அதேதான், கனம் மட்டும் இறங்குகிறது. வாத்தியத் தேர்வுக்கு இதைவிடத் தெளிவான பாடம் அரிது.

கேட்கும் முறையில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். செயலியில் ஷஃபிளையும் (வரிசையைக் கலைப்பது) கிராஸ்ஃபேடையும் (ஒரு துண்டின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தோடு கலப்பது) அணையுங்கள். துண்டுகளுக்கு நடுவே வரும் மௌனமும் இசையில் சேர்த்தி. ஒலியளவைத் துண்டுக்குத் துண்டு சமன்செய்யும் வசதியும் வேண்டாம். அது தனிப் புல்லாங்குழலைச் சேர்ந்திசையின் உரத்துக்கு ஏற்றிவிடும். சிங்கப்பூர் எம்ஆர்டி ரயிலில் கேட்பது வீண்: சுரங்க இரைச்சலில் மெல்லிய பகுதி கரைய, ஒலியைக் கூட்டுவீர்கள், அடுத்துக் கோரஸ் காதில் அறையும். வீவக அடுக்குமாடி வீட்டில் இரவில் கேட்பதானால், முதலில் கோரஸை ஓடவிட்டுப் பக்கத்து வீட்டைத் தொந்தரவு செய்யாத அளவுக்கு ஒலியை வையுங்கள். பிறகு தொடாதீர்கள்.

பழைய சிடி வாங்குவோர் உறையைத் திறந்து பாருங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் கையேட்டுத் தாள்கள் ஒட்டிக்கொள்ளும், பூஞ்சை படியும். தட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, ஊசித்துளை போல ஒளி கசிந்தால் விட்டுவிடுங்கள்.

ஒரு குறை: படம் பார்க்காதவருக்குச் சிறு துண்டுகள் உதிரியாகத் தோன்றும். அவர்கள் கீஸ்லோவ்ஸ்கியின் நினைவாக ப்ரைஸ்னர் எழுதிய ‘ரெக்வியெம் ஃபார் மை ஃப்ரெண்ட்’ (1998) தட்டிலிருந்து தொடங்கலாம். அதற்குப் படம் தேவையில்லை.